உறைக்குள் கிடந்த ரிப்போர்ட்

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டார்கள். கூட்ட அறையின் நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு நர்சுகள் பி.பி. மெஷினோடு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் நின்று கையை நீட்டினோம். விரல் நுனியில் ஒரு குத்து, எடை, உயரம், முடிவில் ஒரு ஜூஸ் பாக்கெட். மூன்றாம் நாள் ஒவ்வொருவர் மேசைக்கும் ஒரு பழுப்பு உறை வந்தது. என் பக்கத்து இருக்கை நண்பருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவருடைய தாளில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 170 என்று இருந்தது. பக்கத்தில் 'மருத்துவரை அணுகவும்' என்று ஒரு முத்திரை. படித்துவிட்டு டிராயரில் போட்டார்.

அது மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற வாரம். இரவு பத்து பதினோரு மணி வரை இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் லீவு கேட்டால் என்ன பதில் வரும் என்பது அவருக்குக் கேட்காமலே தெரியும். அடுத்த மாதமும் ஒரு மாதக் கடைசி வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றவருக்கு வலது கை தூக்க வரவில்லை. பிழைத்துக்கொண்டார். பேச்சு இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அவருடைய சாமான்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப டிராயரைக் காலி செய்தபோது அந்த உறை அடியில் கிடந்தது.

முகாம் நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் நடத்தினார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் முகாம் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அந்த இடம் அவரிடம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. 'உடம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. லீவு தருகிற முறை அதைச் சொன்னது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்த மேலதிகாரி அதைச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் போடப்பட்ட மீட்டிங் சொன்னது. ஓர் இடத்தில் வேலை செய்பவர்கள், எழுதி வைக்காத இந்தச் சொல்லைத்தான் முதலில் படித்துக்கொள்கிறார்கள். பணியிடத்தில் ஆரோக்கியத்தை ஒரு பண்பாடாக வளர்ப்பது என்று சொல்வதெல்லாம், இந்த எழுதாத சொல்லை மாற்றுகிற வேலைதான்.

அப்படி ஒன்று மாறுமா என்றால், நம் கண் முன்னேயே ஒன்று மாறியிருக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். மேசை மேல் பேப்பர் வெயிட், பக்கத்தில் சாம்பல் கிண்ணம். அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே புகை விடுவார்; எதிரே நிற்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு பதில் சொல்வார். 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்கள் உட்படப் பொது இடங்களில் புகைக்கத் தடை விதிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்றைக்கு ஒருவர் தன் இருக்கையில் உட்கார்ந்தபடி பற்ற வைத்தால் சுற்றியிருப்பவர்கள் திகைத்துப் போவார்கள். ஊரில் புகைப்பழக்கம் ஒழிந்துவிடவில்லை. ஆனால் பணியிடம் மாறிவிட்டது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து அறிவுரை சொன்னதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. இடத்தின் விதி மாறியது, அது மேலதிகாரிக்கும் பொருந்தியது, சாம்பல் கிண்ணம் மேசையை விட்டுப் போனது. இந்த மூன்றும் சேர்ந்த பிறகு பழக்கம் தானாக வழிக்கு வந்தது.

நிறுவனங்கள் இன்று 'வெல்னஸ் புரோகிராம்' என்ற பெயரில் வாங்குவது பெரும்பாலும் வேறு வகை. வருடாந்திரப் பரிசோதனை, நடைப் போட்டி, எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கைபேசிச் செயலி, எடை குறைப்பு வகுப்பு, மன அமைதிக்கு ஒரு மணி நேர உரை. இவையெல்லாம் ஊழியர் தன்னைத் தானே திருத்திக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. இவற்றால் பயன் உண்டா என்ற கேள்வியை அமெரிக்காவில் மிகக் கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுச் செலவில் பெரும்பகுதியை அங்கே முதலாளிகளே ஏற்கிறார்கள். ஊழியர் நோயாளியானால் நிறுவனத்தின் பணம் போகும். அதனால் கணக்குப் பார்க்கிறார்கள்.

2010-இல் கேத்தரின் பெய்க்கர், டேவிட் கட்லர், சிருய் சாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இத்தகைய திட்டத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் சுமார் 3.27 டாலர் மிச்சமாகிறது என்று கணக்கு வந்தது. நிறுவனங்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. அவர்களில் இருவரான சாங்கும் பெய்க்கரும் பி.ஜே'ஸ் ஹோல்சேல் கிளப் என்ற கடைச் சங்கிலியில் இன்னும் கண்டிப்பான ஒரு சோதனையை நடத்தினார்கள். 160 கடைகள், ஏறத்தாழ 33,000 ஊழியர்கள். அவற்றில் 20 கடைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், திட்டம் நடந்த கடைகளின் ஊழியர்கள் 'நாங்கள் உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்' என்று அதிகமாகச் சொன்னார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, விடுப்பு எடுத்த நாட்கள், மருத்துவச் செலவு எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2019-இல் அந்த முடிவு வெளியானது. தாங்கள் முன்பு சொன்னதற்கு மாறாக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதல் கணக்கு எங்கே வழுக்கியது? அதே 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைத் துலக்கமாகக் காட்டியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 12,459 ஊழியர்களை அழைத்தார்கள். 4,834 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். அவர்களிலும் திட்டத்தில் இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என்று குலுக்கலில் பிரித்தார்கள். திட்டத்தில் விரும்பிக் கலந்துகொண்டவர்கள், அது தொடங்கும் முன்பே மற்றவர்களைவிடக் குறைவான மருத்துவச் செலவு உடையவர்களாக இருந்தது தெரிந்தது. நம் ஊர்க் காட்சியாகச் சொன்னால் உடனே புரியும். காலை ஆறு மணி நடைப் போட்டிக்கு முதலில் வந்து நிற்பவர் யார்? ஏற்கெனவே தினமும் நடப்பவர். நைட் ஷிஃப்ட் முடிந்து, வீட்டில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய பெண் வருவதில்லை. வருடக் கடைசியில் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால் வந்தவர்கள் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். அந்தப் பெருமையைத் திட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த வழுக்கலை இதற்கும் வெகு காலம் முன்பே ஒருவர் தொட்டிருக்கிறார். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், இரட்டை மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டிரைவர், கண்டக்டர் இருவரும் ஒரே வண்டியில் போகிறவர்கள், ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் படியேறி இறங்குகிறார். மாரடைப்பு நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும், வந்தாலும் பிந்தி வருவதாகவும் இருந்தது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய நவீன அறிவு பெரிதும் அந்தப் படிக்கட்டில் தொடங்கியது. மாரிஸ் அத்தோடு நிறைவடையவில்லை. கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தார். இளவயது டிரைவர்களுக்கே கண்டக்டர்களைவிட இடுப்பு அகலம் கூடியிருந்தது. உட்கார்ந்த வேலைக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே சற்று வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்பதை அவரே எடுத்துச் சொன்னார். ஆனாலும் நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோது அதே திசையில்தான் முடிவு வந்தது. அந்தக் கண்டக்டர்கள் எவரும் உடற்பயிற்சி வகுப்புக்குப் போய் அந்தப் பலனைப் பெறவில்லை. வேலை அமைந்த விதமே அவர்களைப் படியேற வைத்தது.

வேலை அமைந்த விதத்தில் கை கால் அசைவு மட்டும் அடங்கவில்லை என்பதையும் லண்டன்தான் காட்டியது. 1967-இல் அங்கே அரசு ஊழியர்களான சுமார் 18,000 ஆண்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். வைட்ஹால் ஆய்வு என்று பெயர். மைக்கேல் மார்மட் அதன் முடிவுகளை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அந்த ஊழியர்களில் யாரும் பட்டினி கிடப்பவர் இல்லை; எல்லாருக்கும் அரசின் இலவச மருத்துவம் உண்டு. ஆயினும் கடைநிலைப் பதவியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவியில் இருந்தவர்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985-இல் பெண்களையும் சேர்த்து இரண்டாம் ஆய்வு தொடங்கினார்கள். தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு ஒரு பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவது அதில் தெரிந்தது. பொறுப்பு கூடக்கூடத்தான் இதயம் கெடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொறுப்பு இருந்தும் தன் நேரம் தன் கையில் இல்லாதவருக்குத்தான் அது அதிகம் கெடுகிறது.

இப்போது நம் கடைத்தெருவுக்கு வருவோம். துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் பெண், நகைக்கடை வாசலில் நிற்கும் காவலாளி, சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பையன். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். வீங்கிய பாதம், முழங்காலுக்குக் கீழே சுருண்டு புடைத்த நரம்பு, இடுப்பு வலி. 2010-இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' இந்த வாழ்க்கையைத்தான் திரைக்குக் கொண்டுவந்தது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு, உட்காரவும் சிறுநீர் கழிக்கவும் உரிமை கேட்டுப் பல வருடம் போராடினார்கள். 2018-இல் அந்த மாநிலம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடையில் வேலை செய்யும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும், வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம்.

இதில் வருத்தம் தருவது என்னவென்றால், தொழிற்சாலைகளுக்கு இந்த விதி 1948-இலேயே வந்துவிட்டது. அந்த ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்பவர்கள் இடையில் உட்கார ஏற்பாடு வேண்டும் என்றது. 18-ஆம் பிரிவு குடிதண்ணீருக்கு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 55-ஆம் பிரிவு. கேன்டீன், ஓய்வறை, குழந்தைக் காப்பகம் எல்லாம் அதில் இருந்தன. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. எந்த நிறுவனமாவது ஆரோக்கியத் திட்டத்துக்கு ஆலோசகரைத் தேடினால், அவரை அழைக்கும் முன் இந்தப் பழைய பிரிவுகளைத் தன் கட்டடத்தில் ஒவ்வொன்றாக நடந்து சரிபார்க்கட்டும் என்பேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெண்கள் நிறைய வேலை செய்யும் தையல் ஆலைகளில் தண்ணீர்க் குழாய் இருக்கும், கழிவறையும் இருக்கும். ஆனால் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக ஒருவரின் அனுமதி வேண்டும். சில இடங்களில் டோக்கன். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன் என்றால் முப்பது பேர் அதற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் என்ன செய்கிறார்கள்? காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, தலைவலி, மயக்கம் எல்லாம் அதன் பின்னாலேயே வருகின்றன. அந்த ஆலையில் 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்று போஸ்டர் ஒட்டினால் யாருக்கு என்ன பயன்? அங்கே வேண்டியது, எழுந்து போகிறவரின் மெஷினில் அந்த ஐந்து நிமிடம் உட்கார ஒரு மாற்று ஆள். அந்த ஓர் ஆளின் சம்பளம்தான் அங்கே ஆரோக்கியத் திட்டம்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் நிழலும் கழிவறையும் இல்லாத பாத்திகளில் பகல் முழுக்க நிற்கிறார்கள். உடல் சூடும் நீர் வறட்சியும் நாள்தோறும் சேர்ந்தால் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் கண்டார்கள். நிக்கராகுவாவில் ஒரு பெரிய சர்க்கரை ஆலை தன் கரும்பு வெட்டும் ஆட்களுக்குத் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு இந்த மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்து, ஓய்வு நேரத்தையும் கூட்டியபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கட்டட வேலை, சாலை வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் சித்திரை, வைகாசியில் வேலை நேரத்தை விடியலுக்கும் மாலைக்கும் நகர்த்தினாலே பெரிய காரியம்.

அடுத்தது சாப்பாடு. கேன்டீன் தட்டில் சோறு மலையாக இருக்கும், பொரியல் ஒரு கரண்டி, அப்பளம் இரண்டு, ஊறுகாய் தாராளம். நாலு மணிக்கு வடையோடு டீ; டீயில் சர்க்கரை கொதிக்கும்போதே போட்டிருக்கும். நைட் ஷிஃப்ட் என்றால் விடிகாலை மூன்று மணிக்குப் பரோட்டா. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வுப்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நாளில் இரண்டு வேளை இந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். அதனால் கேன்டீன் ஒப்பந்தம் எழுதுகிற பர்ச்சேஸ் அதிகாரிக்கு, எந்த மருத்துவருக்கும் இல்லாத வாய்ப்பு இருக்கிறது. டீயில் சர்க்கரையைத் தனியாக வை என்று ஒரு வரி. பொரியல் இரண்டு கரண்டி, சுண்டல் தினமும், எண்ணெய் மாதத்துக்கு இவ்வளவு என்று சில வரிகள். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் தட்டில் தானாக விழாமல் கேட்டால் மட்டும் கிடைக்கும்படி வைத்தாலே அதில் ஒரு பங்கு குறையும். ருசியைக் கெடுத்துவிடக் கூடாது என்பது முக்கியம். உழைத்துக் களைத்தவருக்குச் சாப்பாடுதான் அந்த நாளின் ஒரே மகிழ்ச்சியாக இருக்கலாம். சமையல் மாஸ்டரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொண்டு செய்தால்தான் இது நிலைக்கும்.

இந்தியத் தொழிற்சாலைகளில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்டர் துரைராஜ் பிரபாகரன் குழுவினர் ஏழு தொழிலகங்களை எடுத்து, ஆறில் சில வருடம் உணவு, புகை, உடலசைவு, சிகிச்சை எல்லாவற்றிலும் சேர்ந்து வேலை செய்தார்கள். 2009-இல் வெளியான முடிவுப்படி அங்கே எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு குறைந்தன. எதுவும் செய்யாத ஏழாவது இடத்தில் நிலைமை எதிர்த் திசையில் போனது. குலுக்கலில் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் இதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இடத்தையும் சேர்த்து மாற்றினால் உடம்பு பதில் சொல்கிறது என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த நல்ல அறிகுறி அது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் 'இந்தியா வொர்க்ஸ்' என்ற பெயரில் பதினொரு பணியிடங்களில் வகுப்புகளை நடத்தி, கேன்டீனையும் சேர்த்து மாற்ற முயன்றிருக்கின்றன.

பரிசோதனை முகாம் வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் நண்பருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது அந்த முகாமில்தான் முதலில் தெரிந்தது. மருத்துவர்கள் 'பாதி விதி' என்று ஒன்று சொல்வார்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்குத்தான் அது இருப்பதே தெரியும். தெரிந்தவர்களில் பாதிப் பேர்தான் சிகிச்சை எடுப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கும். நூறு பேரில் பன்னிரண்டு பேர்தான் கரை சேர்கிறார்கள். இடத்துக்கு இடம் எண்கள் மாறும். ஓட்டைகள் இருக்கும் இடம் மாறாது. முகாம் முதல் ஓட்டையை மட்டும் அடைக்கிறது. மற்ற இரண்டையும் அடைக்க, மாத்திரை வாங்க அரை நாள் கூலி போகாமல் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை யாராவது திரும்ப அளந்து பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த இடத்தைக் குறிவைத்தது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போனபோது, பகலில் வேலைக்குப் போய்விட்டவர்கள் அதில் விடுபட்டார்கள். அவர்களுக்காக 711 தொழிற்சாலைகளில் 8.35 லட்சம் தொழிலாளர்களை இலக்காக வைத்து, வேலை செய்யும் இடத்திலேயே ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தார்கள்.

பரிசோதனை நடக்கும் இடத்தில் இன்னொன்றையும் தீர்த்துவைக்க வேண்டும்: அந்த ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள்? ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், 'சுகர் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்கள்' என்று பயந்து கையை நீட்ட மறுத்தால் அவருடைய பயம் நியாயமானது. தனி ஆளின் முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே போக வேண்டும். நிர்வாகத்துக்கு 'நூறு பேரில் இத்தனை பேருக்கு' என்ற மொத்தக் கணக்கு போதும். இதை நோட்டீஸ் போர்டில் தமிழிலும், வடமாநிலத்து ஆட்கள் இருந்தால் இந்தியிலும் எழுதி ஒட்டிவிட்டு அதன்படி நடக்க வேண்டும். ஒருமுறை மீறினாலும் அடுத்த வருடம் வரிசையில் ஆள் இருக்காது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஊழியர்களுக்கு, நிபந்தனைகளை நிறைவு செய்திருந்தால், நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். பலருக்கு இது தெரிவதே இல்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் போவது தெரியும், எதற்கென்று தெரியாது. புதிதாக ஒரு செயலி வாங்குவதைவிட, இந்தப் பணத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுப்பது நிச்சயம் அதிகப் பயன் தரும்.

கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்களுக்குக் காலும் தண்ணீரும் பெரிய சிக்கல் இல்லை, நேரம்தான் சிக்கல். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்வோரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய பக்கவாத, இதய நோய் மரணங்கள் 7,45,000. இந்த எண்ணைப் படித்தபோது என் நண்பரின் மாதக் கடைசிகள்தான் நினைவுக்கு வந்தன. மன அழுத்தத்துக்கு நிறுவனங்கள் கொடுக்கும் மருந்தும் இதே கதைதான். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள் தந்த பதில்களை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டார். தியானச் செயலி, மன உறுதிப் பயிற்சி, தூக்கம் பற்றிய வகுப்பு இவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நலமாக இல்லை. தன்னார்வச் சேவைக்கு வாய்ப்புக் கொடுத்த திட்டங்களில் மட்டும் சிறு நன்மை தெரிந்தது. தியானத்தில் குறை இல்லை. இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்பில் 'அர்ஜென்ட்' என்று செய்தி வருகிற வாழ்க்கையை, காலை பத்து நிமிடத் தியானத்தால் ஈடுகட்ட முடியாது என்பதுதான் விஷயம்.

நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையோ அலுவலகமோ நடத்துகிறவர் இதைப் படித்தால், எங்கே தொடங்குவது என்று கேட்பார். பணம் போடும் முன் கேளுங்கள். பெயர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டில் 'இங்கே வேலை செய்வதால் உடம்பில் எங்கே வலிக்கிறது? எந்த ஒன்றை மாற்றினால் நன்றாக இருக்கும்?' என்ற இரண்டே கேள்வி. எழுதத் தயங்குபவர்களிடம் அவர்கள் நம்புகிற ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். வருகிற பதில்கள் பெரும்பாலும் சின்னவையாக இருக்கும்: பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மாவு மூட்டையை இறக்க இரண்டு பேர் வேண்டும், ஷிஃப்ட் அட்டவணையை முதல் நாள் இரவில் சொல்கிறீர்கள். அவற்றில் இரண்டை ஒரு மாதத்துக்குள் செய்து முடியுங்கள். சொன்னது நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பெரிய விஷயங்களை வாய் விட்டுச் சொல்வார்கள்.

அடுத்து, சூப்பர்வைசரைக் கவனியுங்கள். ஊழியருக்கு நிறுவனம் என்பது அவர்தான். லீவு கேட்டு நிற்பவரிடம் அவர் முகம் எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் உற்பத்தி எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை அளந்தால், பாவம், அவர் வேறு எப்படி நடந்துகொள்வார்? மாதக் கூட்டத்தில் அவரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, 'உங்கள் பிரிவில் இந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்?' என்று இருக்கட்டும். கேட்டவர்களே இல்லை என்று பதில் வந்தால் அங்கே போய் விசாரிக்க வேண்டும். முதலாளியும் தனக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்க வேண்டும், தன் மாத்திரையை எல்லார் முன்னிலையிலும் சாப்பிட வேண்டும். எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் ஊழியர்கள் பார்ப்பது அதைத்தான்.

வருடம் முடிந்ததும் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். போன வருடம் ரத்தக்கொதிப்பு கண்டவர்களில் எத்தனை பேருக்கு இப்போது மேல் அளவு 140-க்குக் கீழே இருக்கிறது என்ற மொத்தக் கணக்கை மருத்துவரிடம் கேளுங்கள். நண்பரின் பழைய அலுவலகத்தில் இப்போது அவருடைய இருக்கையில் உட்காருகிற பெண், போன மாதம் கணக்கு முடிக்கிற வாரத்தில் டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டிருக்கிறார். கிடைத்ததாம். அவருடைய மேலதிகாரி, அன்று என் நண்பருக்கு மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தவர்.